டிராயிங் மாஸ்டர் பதில்கள்: ஏழு கதவு, ஒரு பூனை, திருக்கையின் முகம்

போன இதழில், "ஆசையை வரைவது சுலபம், ஆசைக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற தயக்கத்தை வரைவதுதான் கஷ்டம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தொண்டியில் தொடங்கி கீழக்கரை வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வழக்கம்போல ஊர்ப்பெயர் மட்டும் போடுகிறேன். இடம் போதாமல் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். பெண்களையே பின்னி யானையாக்கி, அதன்மேல் மன்மதன் உட்கார்ந்திருக்கிற சுவரோவியத்தைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. எனக்குக் கூச்சமாகிவிட்டது, அவசரமாக நகர்த்திக்கொண்டு போய்விட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஆசிரியை, ராமநாதபுரம்

சிரித்தால் சிரிக்கட்டும் டீச்சர். வரைந்தவரும் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டா வரைந்திருப்பார்? அடுத்த தடவை பிள்ளைகளை முதலில் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவாகக் கிட்டே வரச் சொல்லுங்கள். தள்ளி நின்றால் யானை. கிட்டே வந்தால் யானையைக் காணோம், பெண்கள்தான் இருக்கிறார்கள். திரும்பப் பின்னால் போனால் மறுபடி யானை வந்துவிடும். எந்த இடத்தில் யானை கலைகிறது என்று தரையில் ஒரு கோடு போடச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் இடத்தில் வரும், சண்டையே போடுவார்கள். எட்டாம் வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இந்த வகைப் படத்துக்கு நவநாரி குஞ்சரம் என்று பெயர். ஒன்பது பெண்களைக் கோத்து ஒரு யானை செய்வது. ஒடிசாவின் துணிச்சித்திரங்களிலும் உண்டு, நம் பக்கத்துக் கோயில்களிலும் உண்டு. அந்த யானைமேல் வருகிறவன் கையில் இருக்கிறதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வில் கரும்பு, நாண் வண்டு, அம்பு ஐந்தும் பூ: தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம். அதே அரண்மனையில் வேறு சுவர்களில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது. அங்கே குதிரை, துப்பாக்கி, வாள். இரண்டு ஆயுதங்களையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். எதிலிருந்து தப்பிப்பது கஷ்டம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், கிழவன் சேதுபதி எழுப்பிய மாளிகையில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் (1710–1725) இந்தச் சுவர்களைத் தீட்டியபோது, போரையும் ராமாயணத்தையும் பாகவதத்தையும் ஐரோப்பிய வணிகர்களுக்குத் தர்பாரில் பேட்டி கொடுத்ததையும் மட்டும் வரைந்து நிறுத்திக்கொள்ளவில்லை. ராஜாவை யார் வேண்டுமானாலும் வெற்றிவீரனாக வரைந்துவிடலாம். ராஜாவுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மன்மதனை வரைய விட்ட துணிச்சல் பெரிது.

ஒன்றே ஒன்று, சுவரைத் தொடவிடாதீர்கள். கையில் இருக்கிற வியர்வையும் எண்ணெயும் போதும், முந்நூறு வருஷத்துச் சாயம் கழன்று வந்துவிடும். ஏற்கெனவே கடல்காற்று தின்றது போக மிச்சம்தான் நாம் பார்ப்பது.

எங்கள் வீட்டில் உருவம் வரைகிற பழக்கம் இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'மனத் தடுமாற்றம்' என்று ஓவியப்போட்டி. மனுஷ உருவம் இல்லாமல் இதை வரைய முடியுமா அண்ணே?
– இல்லத்தரசி, கீழக்கரை

முடியும் தங்கச்சி. உலகத்தில் இந்த விஷயத்தை வரைந்த படங்களிலேயே ஆக உசத்தி என்று நான் நினைப்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். எஜமானர் வீட்டுச் சுலைகா ஆசைப்பட்டுத் துரத்த, யூசுப் நபி விலகி ஓடிய கதை.

1488ஆம் ஆண்டு, இப்போது ஆப்கானிஸ்தானில் இருக்கிற ஹிராத் நகரத்தில், பிஹ்சாத் என்ற ஓவியர் வரைந்தது. சுல்தான் ஹுசைன் பைகராவுக்காகப் படியெடுத்த, பாரசீகக் கவிஞர் சஅதியின் 'பூஸ்தான்' ஏட்டில் ஒரு பக்கம் அது. ஏடு இப்போது கெய்ரோவில் இருக்கிறது. படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் கட்டடம். பாதி வெட்டித் திறந்த மாதிரி ஒரு மாளிகை. படிக்கட்டு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் திரும்புகிறது. ஒரு கதவு, அதைத் தாண்டி ஓர் அறை, மறுபடி ஒரு கதவு. எல்லாம் மூடியிருக்கின்றன. சுலைகா ஏழு அறை கொண்ட மாளிகை கட்டி, ஒவ்வோர் அறையாக உள்ளே கூட்டிக்கொண்டுபோய், ஒவ்வொரு கதவாகப் பூட்டினாள் என்று ஜாமி என்ற இன்னொரு கவிஞர் தன் காவியத்தில் பாடியிருக்கிறார். ஓவியர் கையில் இருந்தது சஅதியின் ஏடு என்றாலும் வரைந்தது ஜாமியின் வீட்டை. மேலே ஒரு மூலையில்தான் இரண்டு பேர். சிவப்பு உடையில் சுலைகா எட்டிப் பிடிக்கிறாள், பச்சை உடையில் இருப்பவர் விலகுகிறார்.

இப்போது நான் வகுப்பில் பிள்ளைகளைச் செய்யச் சொல்வதை நீங்களும் செய்து பாருங்கள். அந்த இரண்டு பேரையும் உள்ளங்கையால் மறைத்துவிடுங்கள். கதை போய்விடுகிறதா? போகவில்லை. மூடிய கதவும், எங்கே கொண்டுபோய்விடும் என்று தெரியாத படிக்கட்டும், வேலைப்பாடு மிகுந்து மூச்சு முட்டுகிற சுவரும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காலத்து ஹிராத்தில் நபிமார்களை இப்படி வரைந்தார்கள், நம் பக்கம் வரைவதில்லை. உங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமலேயே உங்கள் மகள் அந்தப் படத்தின் உயிரை எடுத்துக்கொள்ளலாம்.

குர்ஆனில் யூசுப் அத்தியாயத்திலேயே இதற்கு வேண்டிய பொருளெல்லாம் இருக்கிறது. கதவுகளை அவள் தாழிட்டது. இரண்டு பேரும் வாசலை நோக்கி ஓடியது. சட்டை பின்பக்கம் கிழிந்தது. முன்பக்கம் கிழிந்திருந்தால் ஒரு தீர்ப்பு, பின்பக்கம் கிழிந்திருந்தால் இன்னொரு தீர்ப்பு என்று அந்த வீட்டாரில் ஒருவரே சாட்சி சொன்னது. ஒரு கொடியில் தொங்கும் சட்டை, முதுகில் ஒரு கிழிசல். அவ்வளவு போதும், மனுஷனே வேண்டாம். அப்புறம், ஊர்ப்பெண்களுக்கு விருந்து வைத்துக் கையில் ஆளுக்கொரு கத்தி கொடுக்கிறாள். யூசுப் நபி எதிரே வந்து நின்றதும் தன்னை மறந்து கையை அறுத்துக்கொள்கிறார்கள். ஒரு தட்டு, நறுக்கின பழம், கத்தி, தட்டோரம் ஒரு சொட்டுச் சிவப்பு. இதை வரைந்தால் பார்க்கிறவர் கேட்பார், "பழச்சாறா, ரத்தமா?" என்று. அந்தச் சந்தேகம்தான் போட்டித் தலைப்பு.

சஅதி ஒன்று சொல்கிறார். சுலைகா தான் கும்பிடும் கல்சிலை பார்க்கக் கூடாதே என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாளாம். கல்லுக்கே வெட்கப்படுகிறாய், நான் அல்லாஹ்வுக்கு வெட்கப்பட வேண்டாமா என்று யூசுப் நபி அழுதாராம். துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று: அதையும் உருவமில்லாமல் வரையலாம்.

உங்கள் ஊர் ஜும்ஆ பள்ளித் தூண்களில் பூவும் கொடியுமாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்களே, மகளைக் கூட்டிப்போய் அந்தக் கொடியைப் பென்சிலால் பின்தொடரச் சொல்லுங்கள். எங்கே பிரிகிறது, எங்கே திரும்பிவந்து சேர்கிறது என்று. அதைக் கதவுக்கு விளிம்பாகப் போட்டால் படம் முடிந்தது. கலருக்கு ரொம்ப அலைய வேண்டாம். ஒரு பச்சை, ஒரு சிவப்பு, மீதி மண்ணிறம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. அந்தோனியாரைப் பேய்கள் தூக்கி வைத்து அடிக்கின்றன. நம் கச்சத்தீவு அந்தோனியார் கையில் குழந்தை இயேசு அல்லவா இருப்பார்? இவரை ஏன் அடிக்கிறார்கள்?
– மீனவ இளைஞர், தங்கச்சிமடம்

தம்பி, அவர் வேறு, இவர் வேறு. கச்சத்தீவில் இருப்பவர் பதுவை அந்தோனியார். அடி வாங்குகிறவர் அவருக்குப் பல நூறு வருஷம் முந்தியவர், எகிப்து பாலைவனத்தில் தனியாகத் தவமிருந்த வனத்து அந்தோனியார். சோதனை என்றால் ஐரோப்பிய ஓவியர்கள் முதலில் தேடிப்போனது இவரைத்தான். காரணம் எளிது. பேய்களை இஷ்டம்போல வரையலாம், கோயிலிலும் மாட்டலாம்.

உங்கள் வீட்டுப் படம் பெரும்பாலும் ஷோன்கவர் என்ற ஜெர்மானியரின் செப்புத்தகட்டுச் சித்திரத்தைப் பார்த்து யாரோ செய்ததாக இருக்கும். 1470களில் வந்தது. துறவியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, துணியை ஒன்று இழுக்கிறது, கோலை ஒன்று பிடுங்குகிறது. அவர் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை. காலுக்குக் கீழே தரை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மனம் நிலைகொள்ளாத நேரத்துக்கு அதைவிட நேரான படம் இல்லை.

இந்தச் சித்திரத்தைச் சிறுவனாக இருந்த மைக்கேலாஞ்சலோ பார்த்து வண்ணத்தில் வரைந்தார். பேய்களுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும் என்று மீன் மார்க்கெட்டுக்குப் போய், மீனின் கண்ணையும் துடுப்பின் நிறத்தையும் பார்த்து வந்து தீட்டினாராம். அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய வாழ்க்கையை எழுதிய கொண்டிவி இதைச் சொல்கிறார். அந்தச் சிறு பலகை இப்போது அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறது.

ப்ளோரன்ஸ் நகரத்து மார்க்கெட்டில் என்ன பெரிய மீன் வந்திருக்கும்! அந்தப் பையன் காலையில் பாம்பன் ஏலத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். உப்பிப்போன பேத்தை ஒரு பேய். வாயைக் குவித்துக்கொண்டு முறைக்கிற கிளாத்தி ஒரு பேய். திருக்கையைப் புரட்டிப் போட்டால் வெள்ளை வயிற்றில் ஒரு முகம் தெரியும்: சோகமாகச் சிரிக்கிற ஒரு வாய், மேலே இரண்டு கண். அது கண்ணே இல்லை, மூக்குத் துளை என்று உங்களுக்குத் தெரியும். கண் முதுகுப் பக்கம் அல்லவா இருக்கிறது. முகம் மாதிரித் தெரிவது முகம் இல்லை, அசல் கண் நம்மைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதைவிட நல்ல பேய் எந்த ஓவியனுக்குக் கிடைக்கும்?

ஆனால் எனக்கு அடிக்கிற பேய் அலுத்துவிட்டது. சோதனை என்பது அடியாக வந்தால் யாரும் திருப்பி அடித்துவிடலாமே. 1500 வாக்கில் போஷ் என்ற டச்சுக்காரர் இதே துறவியை மூன்று பலகையில் வரைந்தார். வானத்தில் மீன் பறக்கிறது, என்னென்னமோ நடக்கிறது. வலதுபக்கப் பலகையில் அடி உதை ஒன்றும் இல்லை. பொந்து விழுந்த மரத்துக்குப் பின்னால் நின்று ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள், பக்கத்தில் விருந்து மேசை, துறவி மடியில் புத்தகம். அவர் தலையைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பினால் எங்கே பார்ப்பார்? படத்துக்கு வெளியே, நம்மை. அங்கேதான் போஷ் மாட்டிவிடுகிறார். அவர் பார்க்க மறுத்ததை நாம் நன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

இந்தப் பலகைகள் இருப்பது போர்ச்சுக்கலில், லிஸ்பன் மியூசியத்தில். பதுவை அந்தோனியார் பிறந்ததும் லிஸ்பனில்தான். ஓர் அந்தோனியாரின் சோதனை இன்னோர் அந்தோனியாரின் சொந்த ஊரில் மாட்டியிருக்கிறது. உங்கள் குழப்பம் நியாயமானதுதான் தம்பி.

ஏவாள் சாப்பிட்டது ஆப்பிளா இல்லையா? வீட்டில் பந்தயம்.
– தேவிபட்டினம்

வேதாகமத்தில் பழத்தின் பெயர் இல்லை. பந்தயப் பணத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மைக்கேலாஞ்சலோ ரோமில் சிஸ்டைன் கூரையில் அத்திமரமாக வரைந்தார். வான் ஐக் 1432இல் முடித்த கெண்ட் பலிபீடப் படத்தில் ஏவாள் கையில் இருப்பது தோல் சுருங்கிய ஒரு நாரத்தை மாதிரி இருக்கும். ஆப்பிள் என்பது குளிர்தேசத்து ஓவியர்களின் பழக்கதோஷம். நம் கடற்கரையில் ஒருவர் வரைந்திருந்தால் ஈச்சம்பழமோ பனம்பழமோ ஆகியிருக்கும்.

பழத்தை விடுங்கள். டூரர் என்ற ஜெர்மானியர் 1504இல் செய்த ஆதாம் ஏவாள் சித்திரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஏவாள் பாம்பின் வாயிலிருந்து பழத்தை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் காலடியில் ஒரு பூனை சுருண்டு கிடக்கிறது. ஆதாமின் காலருகே ஒரு எலி. பூனை எலியைப் பார்க்கவே இல்லை. இன்னும் பசி, பகை எதுவும் உலகத்துக்கு வரவில்லை. பழத்தைக் கடித்த அடுத்த நொடி பூனை எழுந்துகொள்ளும். அந்த நொடி படத்தில் இல்லை. தூரத்தில், மேலே, பாறை விளிம்பில் ஒரு மலையாடு நிற்கிறது, நகம் அளவுதான் இருக்கும். விழுமா விழாதா என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. ஆதாம் ஏவாளுக்குச் செலவழித்த உழைப்பில் கொஞ்சமும் குறையாமல் அந்த ஆட்டுக்கும் செலவழித்திருக்கிறார்.

பூனை எலி என்றதும் மாமல்லபுரம் ஞாபகம் வராதவர் தமிழரே இல்லை. அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறதே ஒரு பூனை, சுற்றிலும் எலிகள் பக்தியோடு! டூரருக்கு எண்ணூறு வருஷத்துக்கும் முந்தியது. அங்கே தூங்குகிற பூனை, இங்கே தூங்காத பூனை. டூரர் கேட்பது, இது எப்போது எழுந்துகொள்ளும் என்று. பல்லவச் சிற்பி கேட்பது, இது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று. என் ஓட்டு மாமல்லபுரத்துக்கு. அந்தப் பூனையின் வயிறு ஒட்டியிருக்கிற அழகைக் கிட்டே போய்ப் பாருங்கள், பட்டினி நிஜம்தான் போலிருக்கிறது.

எங்கள் வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். அணியத்தில் (முன்பக்கத்தில்) ஒரு பக்கம் கடல்கன்னியும் மறுபக்கம் கண்ணும் வரையலாம் என்று தம்பி சொல்கிறான். பொருத்தமாக இருக்குமா மாஸ்டர்?
– பாம்பன்

கண்ணை இரண்டு பக்கமும் வரையுங்கள். கடல்கன்னியை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, வேறு இடம் பாருங்கள்.

இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வரைந்தவர் ஒருவர் இருந்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கிரேக்கச் சாடி, ஏறக்குறைய 2,500 வருஷம் பழசு. கிரேக்கக் கதைநாயகர் ஒடிசியஸ் பாய்மரத்தில் கட்டிவைக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறார். பாறைகளில், பாட்டால் மயக்கி மாலுமிகளை அழிக்கிற பாடகிகள்; கடல்கன்னிக்கு மூத்தவர்கள். அவர்களுக்கு மீன்வால் கிடையாது. பறவை உடம்பு, பெண் தலை. மீன்வால் எல்லாம் பின்னால் வந்தது. ஒருத்தி பாறையிலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறாள். பாட்டுக்கு மயங்காமல் ஒரு படகு தப்பிவிட்டதே என்ற அதிர்ச்சி. படகின் முனையில் பெரிதாக ஒரு கண்.

தண்டு வலிக்கிறவர்கள் காதில் மெழுகு. அவர்களுக்குச் சபலமும் இல்லை, பாட்டும் இல்லை. பாட்டைக் கேட்கவும் வேண்டும், கரைதட்டவும் கூடாது என்று ஆசைப்பட்டவர் கயிற்றை நம்பினார். கெஞ்சினாலும் அவிழ்க்காதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். தன் மனசு மாறும் என்று தெரிந்தவன் செய்கிற வேலை அது. வாட்டர்ஹவுஸ் என்ற இங்கிலாந்து ஓவியர் 1891இல் இதையே பெரிய திரையில் வரைந்தார். அவரும் பறவை உடம்பைத்தான் போட்டார், படகைச் சுற்றி ஒரே இறக்கை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சாடியில் இருக்கிற அந்த ஒற்றைக் கண்ணுக்கு ஈடாகாது.

ஆவுளியா என்கிற கடல்பசுவைப் பார்த்துத்தான் கடல்கன்னிக் கதை வந்தது என்று சொல்வார்கள். கடல்புல் மேய்ந்துகொண்டு தன் பாட்டுக்கு இருக்கிற பிராணி அது. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு வரைய ஆசை என்றால் பக்கவாட்டில் ஓர் ஆவுளியாவையே வரையட்டும். மூக்கைச் சப்பையாகப் போட வேண்டும், கீழே மடிந்திருக்க வேண்டும். அது சரியாக வராவிட்டால் பார்க்கிறவர்கள் ஓங்கில் (டால்பின்) என்று நினைத்துவிடுவார்கள். கண்ணுக்கு வெள்ளை இனாமலை இரண்டு கோட்டிங் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கருமணியை வையுங்கள். ஈரத்தில் வைத்தால் ஒழுகி, வள்ளம் அழுகிற மாதிரி ஆகிவிடும்.

இரண்டு வழிக்கு நடுவில் நிற்கிற ஒருவனை வரைய வேண்டும். எனக்கே அந்த நிலைமைதான். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசை, அப்பாவோ தன்கூடக் கடலுக்கு வா என்கிறார். எப்படி வரைந்தாலும் நாடகம் மாதிரி இருக்கிறது சார்.
– மாணவர், மண்டபம்

கல்லூரியா கடலா என்பதை நான் சொல்லமாட்டேன், உங்கள் அப்பா எனக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம். படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நாடகம் மாதிரி வருகிறதென்றால் நீங்கள் இரண்டு வழியையும் வரைந்துவிட்டீர்கள். அதே காரியத்தை அன்னிபாலே கராச்சி என்ற இத்தாலிய ஓவியர் 1596இல் செய்தார். ஹெர்குலிஸ் நடுவில். ஒரு பக்கம் அறம் என்ற பெண், செங்குத்தான பாதையைக் காட்டுகிறாள், உச்சியில் சிறகு வைத்த குதிரை. மறுபக்கம் சுகம் என்ற பெண், அவள் காலடியில் வாத்தியம், சீட்டுக்கட்டு, முகமூடி. கைதேர்ந்த வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே தடுமாற்றம் எங்கே? எது சரி என்று ஓவியர் எழுதியே ஒட்டிவிட்டார். மார்க் வாங்குகிற பையன் மாதிரி ஹெர்குலிஸ் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் தாண்டவில்லை. அதே இத்தாலியில், ரோமில் பிரெஞ்சுக்காரர்களின் சான் லூயிஜி கோயிலில் கரவாஜியோ, வரிவசூல்காரர் மத்தேயுவை இயேசு தன் சீடராக அழைத்த காட்சியை வரைந்தார். வரிவசூல் மேசை. ஐந்து பேர் காசு எண்ணுகிறார்கள். வலதுபக்கத்திலிருந்து இயேசு வந்து கை நீட்டுகிறார், கூடவே வெளிச்சமும் வருகிறது. மேசையில் தாடிக்காரர் ஒருவர் விரலை நீட்டுகிறார். தன்னைத்தானே காட்டி "நானா?" என்கிறாரா? அல்லது மேசை ஓரத்தில் தலையைக் குனிந்து காசிலேயே கண்ணாக இருக்கிற அந்த இளைஞனைக் காட்டி "இவனா?" என்கிறாரா? இதில் யார் மத்தேயு என்று இன்றைக்கும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். இளைஞன்தான் என்றால் அவன் இன்னும் நிமிரவே இல்லை. எனக்கு அவன்மேல்தான் கண். கூப்பிட்டது காதில் விழுந்துவிட்டது, இன்னும் ஒரு காசு எண்ணி முடித்துவிட்டு நிமிரலாம் என்று நினைக்கிற மாதிரி இருக்கிறான்.

அந்தச் சிற்றாலயம் இருட்டு. பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பார்க்கிறவனையும் காசு எடுக்க வைத்துவிடுகிறார்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். இரண்டு வழியையும் அழித்துவிடுங்கள். ஆள் மட்டும் இருக்கட்டும். உடம்பின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் குதிகால் தரையில் அழுத்தமாக, விரல் லேசாக அகன்று இருக்க வேண்டும். மறுகால் விரல்நுனியில். பார்வை, பாரமில்லாத கால் இருக்கும் பக்கம். தோள் இரண்டுக்கும் நடுவில். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ வள்ளத்திலிருந்து கரைக்கு இறங்கும்போது கவனியுங்கள். ஒரு கால் பலகையில், ஒரு கால் தண்ணீரை நோக்கி, கை விளிம்பைப் பிடித்திருக்கும். கையை விடுவதற்கு முந்தின நொடியில் பிடியின் இறுக்கம் குறையும், கட்டைவிரல் மட்டும் மரத்தில் ஒட்டியிருக்கும். அதை வேகக்கோட்டில் நிறையப் போட்டுப் பழகுங்கள். முகத்தைக் கடைசியில் வரையுங்கள், முடிந்தால் நிழலில் விட்டுவிடுங்கள்.

கல்லூரி நேர்முகத்துக்குப் போனால் இந்தக் கோட்டுப் படங்களைக் கொண்டுபோங்கள். கடலுக்குப் போனாலும் நோட்டு கூடவே இருக்கட்டும், பாலித்தீன் பையில் சுற்றி.

மாய மானை எப்படி வரைவது?
– ஓவியப் பயிற்சி மாணவி, ராமேசுவரம்

கழுத்தைத் திருப்பி. ஓடுகிற மான் முன்னால் பார்க்கும். இது பின்னால் பார்க்க வேண்டும், துரத்துகிறார்களா என்று. பொன்னும் மணியும் ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பக்கத்தில் லட்சுமணனை வரைவதாக இருந்தால் வில்லைத் தளர்த்திப் பிடித்திருக்கட்டும். இது மாரீசன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பரமபதம்தானே சோதனைக்கும் தேர்வுக்கும் நம் ஊர்ப் படம்? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தொண்டி

பாம்பும் ஏணியும் அழகுதான் ஐயா, வைகுண்ட ஏகாதசி ராத்திரிக்கு அதைவிட்டால் வேறென்ன. ஆனால் பரமபதத்தில் தேர்வு எங்கே இருக்கிறது? தாயம் சொன்ன இடத்துக்குக் காய் போகிறது. பாம்பு கடித்தால் அது உங்கள் குற்றமும் இல்லை. தேர்வு வேண்டுமென்றால் சொக்கட்டான்தான். அதிலும் காய் உருட்டித்தான் ஆடுகிறோம், ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். வெட்டலாம், வெட்டாமல் தன் காயைக் காப்பாற்றலாம். வீடுகள் எரிந்ததே அந்த நகர்த்தலில்தான்.

ராமேசுவரம் கோயிலில் சொக்கட்டான் மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மேற்குக் கோபுரத்திலிருந்து வரும் பாதை மூன்றாம் பிரகாரத்தோடு சேர்கிற இடம், சொக்கட்டான் கட்டம் போலவே அமைந்திருக்கும். தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள் அங்கே நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இடது கைப் பக்கம் திரும்புங்கள் என்று ஒருவர், நேராகப் போங்கள் என்று இன்னொருவர்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை மாதம் முடிவதற்குள் அனுப்புங்கள். பொருள்: நிழல்.